ரோட்டில் ரப்பீஷ் (கட்டட இடிபாடு) தொட்டி வைக்க "பர்மிஷன் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்றால் நம்பாதீர்கள்: 18,500 ரூபாய் போச்சு

இன்று மத்தியானம் நடந்தது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை. புதுச்சேரியில் பழைய வீட்டை இடித்துக் கட்டப் போகிறவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

முத்தியால்பேட்டையில் அம்மா வீடு. முன்பக்கம் ஓடு, பின்கட்டு மெட்ராஸ் தளம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது கொட்டிய மழையில் பின்கட்டுத் தளம் ஊறி, தேக்குக் கட்டை ஒன்று தொய்ந்துவிட்டது. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இந்த மாதம்தான் இடிக்க ஆரம்பித்தோம். மெட்ராஸ் தளத்தை இடித்தவர்களுக்குத் தெரியும், ஒரே ஒரு அறையில் இருந்து எவ்வளவு ரப்பீஷ் வரும் என்று. சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கெட்டித்த தளம். இரண்டாம் நாளே முற்றம் நிரம்பிவிட்டது. எங்கள் தெருவில் டிப்பரை அரை மணி நேரம் நிறுத்தி லோடு ஏற்றினால் இரண்டு பக்கமும் வண்டி அடைத்துக்கொள்ளும்.

மேஸ்திரி அப்போதே சொன்னார்: "சாக்குல கட்டி வெச்சிடலாம்மா, விடிகாலைல டிராக்டர் வரச் சொன்னா அள்ளிட்டுப் போயிடுவாங்க." நான்தான் போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்தேன். வாசலில் இரும்புத் தொட்டி வைப்பார்களாம், நிரப்பினால் எடுத்துப் போவார்களாம், ரோட்டில் வைக்கும் அனுமதியும் அவர்களே வாங்கித் தருவார்களாம். பேர் சொல்லப் போவதில்லை. போனிலேயே புக் செய்யும் இடம், அவ்வளவுதான்.

மறுநாள் ஒரு பையன் நேரில் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப். தெருவின் அகலத்தை இரண்டு இடத்தில் அளந்தான். பையில் இருந்து சாக்பீஸ் எடுத்து எங்கள் சுவரை ஒட்டி ஒரு நீள்சதுரம் போட்டான். அப்புறம் குனிந்து வாய்க்கால் மூடியைத் தட்டிக் காட்டி, "அக்கா, இது மேல மட்டும் வைக்கக் கூடாது. தண்ணி அடைச்சா உங்களுக்குத்தான் ஃபைன்" என்றான். அந்த இடத்தில்தான் நான் நம்பினேன். நமக்கே தோன்றாததை ஒருவன் எடுத்துச் சொன்னால் வேலை தெரிந்தவன் என்றுதானே நினைப்போம்? அம்மா அவனுக்கு மோர் கொடுத்தார். "நல்ல பிள்ளையா இருக்கான்" என்று வேறு சொன்னார்.

தொட்டி வாடகை 9,000, ரோடு பர்மிஷன் 6,500, திரும்பக் கிடைக்கும் டெபாசிட் 3,000. மொத்தம் 18,500 ரூபாய். ஜிபேயில் ஒரே தடவையில் அனுப்பினேன். சாயங்காலமே வாட்ஸ்அப்பில் கடிதம் வந்தது. முத்திரை, அனுமதி எண், 10 நாள் தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தது. பிரிண்ட் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வாசல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன்.

தொட்டி ராத்திரி 11 மணிக்கு வந்தது. டிரைவர் சாக்பீஸ் கோட்டைப் பார்க்கக்கூட இல்லை. நேராக வாய்க்கால் மூடிமேல் இறக்கிவிட்டுப் போனார். ஒரு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் கிடையாது, சிவப்புத் துணி கிடையாது. பையனுக்குப் போன் செய்தால், "காலைல நகர்த்திடுறோம் அக்கா." காலையும் போனது, மறுநாளும் போனது. மூன்றாம் நாள் விடிகாலை இருட்டில் பால் போடும் தம்பி சைக்கிளோடு தொட்டியின் மூலையில் மோதி விழுந்தான். முழங்கால் கிழிந்துவிட்டது. பாக்கெட் உடைந்து பால் ரோட்டில் ஓடி, தொட்டியின் அடியில் சுண்ணாம்புத் தூளோடு கலந்து நின்றது. அந்தத் தம்பி எழுந்ததும் தன் காலைப் பார்க்கவில்லை, பாக்கெட்டைத்தான் எண்ணினான். அதை நினைத்தால் 18,500 ரூபாயைவிட அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

எதிர் வீட்டார் புகார் கொடுத்தார்கள். அவர்கள் செய்தது சரிதான். நகராட்சியில் இருந்து வந்த பொறியாளர் கடிதத்தைக் கையில் வாங்கி, "பணம் கட்டின ரசீது எண் எங்கம்மா?" என்று கேட்டார். இல்லை. தெருப் பெயரில் எழுத்துப் பிழை. "இது நாங்க கொடுத்ததே இல்லை" என்றார். கோபப்படாமல் நின்று விளக்கினார். கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளின்படி கழிவைப் போக்குவரத்துக்கோ வாய்க்காலுக்கோ இடைஞ்சலாகப் போடக் கூடாது, அதற்கு வீட்டுக்காரர்தான் பொறுப்பு, கான்கிரீட், மண், இரும்பு - மரம் - பிளாஸ்டிக், செங்கல் - காரை என்று பிரித்து வைக்க வேண்டும். அபராதச் சீட்டு என் பெயரில்.

அதற்கப்புறம் நான் போன் செய்த கதை. முதலில், "சார் மீட்டிங்ல இருக்காரு." அடுத்து, "கம்ப்ளைண்ட் பதிவாகியிருக்கு மேடம், 48 மணி நேரம் ஆகும்." 48 மணி நேரம் கழித்து, "தொட்டி மட்டும்தான் எங்களுது, பர்மிஷன் வேற பார்ட்டி பாக்குறாங்க." அந்த வேற பார்ட்டி நம்பர் சுவிட்ச் ஆஃப். டெபாசிட்டையாவது கொடுங்கள் என்றால், "விபத்து நடந்ததால பிடிச்சிட்டோம்." என் வண்டியா மோதியது, நானா தொட்டியை அங்கே வைத்தேன்? அளக்க வந்த பையனின் வாட்ஸ்அப்பில் நேற்று வரை படம் இருந்தது, இன்று இல்லை. பிளாக் செய்துவிட்டான்.

இன்று மத்தியானம் லாரி வந்தது. தொட்டியை எடுத்துப் போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். டிரைவர், "கொட்டுற இடத்துக்குக் காசு தரலையாம்" என்று சொல்லிவிட்டு, உள்ளே இருந்த மொத்தத்தையும் எங்கள் வாசலிலேயே கவிழ்த்துவிட்டு வெறும் தொட்டியோடு போய்விட்டார். அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். புழுதியில் அவர் முகம் தெரியவில்லை. 18,500 ரூபாய் கொடுத்து, முற்றத்தில் இருந்த ரப்பீஷை ரோட்டுக்குக் கொண்டு வந்ததுதான் மிச்சம்.

சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் பதிந்துவிட்டேன். நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேச வேண்டும்.

நிறைய எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: அனுமதியை நீங்களே நேரில் போய்க் கேளுங்கள், ரசீது உங்கள் பெயரில் இருக்க வேண்டும். உங்கள் தெரு நகராட்சியுடையதா பொதுப்பணித் துறையுடையதா என்று முதலில் விசாரியுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் கடிதத்தை அலுவலகத்தில் காட்டிச் சரிபார்க்காமல் தொட்டியை இறக்க விடாதீர்கள். முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீர்கள். ரிஃப்ளெக்டர் இல்லாமல் ராத்திரியில் எதையும் ரோட்டில் விடாதீர்கள்.

மேஸ்திரி போன் செய்கிறார். மனை மேடாக்க ரப்பீஷ் வேண்டும் என்று ஒருவர் கேட்டாராம், விடிகாலை 5 மணிக்கு டிராக்டர் வருகிறது. அதற்குள் எல்லாவற்றையும் சாக்கில் கட்ட வேண்டும், இன்னும் சாக்கு வாங்கவில்லை.