அம்மாவின் அறையில் ஒரு கமரா: இரண்டு வருடத்துக்கு மேலான அனுபவம்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டில், அம்மாவின் அறைச் சுவரில் ஒரு வைஃபை கமரா இருக்கிறது. 2023 ஜூன் மாதம் மாட்டினோம். அப்போது அம்மாவுக்கு 79 வயது, அறளை பெயரத் தொடங்கி, அதாவது முதுமை மறதி நோய் வந்து, ஒரு வருடம். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். காலையில் போனால் வீடு திரும்ப இரண்டரை மணியாகும். அதுவரை அம்மாவைப் பார்க்க ஓர் அக்கா வருவார். என்றாலும் வகுப்பில் மனம் நிற்காது. "ஒரு கமரா போடுங்க அக்கா, நானும் பார்க்கலாம்" என்று கனடாவிலிருக்கும் தம்பி சொல்ல, டவுனில் பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒன்றை வாங்கினோம்.

முதல் இரவே படத்தில் அம்மாவைக் காணவில்லை. வெறும் வெள்ளைதான் தெரிந்தது. காரணம் நுளம்பு வலை. இருட்டில் இந்தக் கமரா அகச்சிவப்பு ஒளியை வீசி, அது பட்டுத் திரும்புவதை வைத்துப் படம் எடுக்கிறது. வலை அந்த ஒளியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது. மட்டக்களப்பில் வலை கட்டாமல் படுக்க முடியுமா? கமராவில் மங்கலாகத் தெரிந்த சிவப்பு வெளிச்சம் வேறு அம்மாவைப் பயமுறுத்தியது. "ஆர்கா அங்க நிக்கிற?" என்று இரவு முழுக்கக் கேட்டார். பிறகு அகச்சிவப்பை நிறுத்திவிட்டு, சுவரில் ஒரு சின்ன மஞ்சள் பல்பைப் போட்டோம். படமும் தெளிந்தது, அம்மாவுக்கும் பாத்ரூமுக்குப் போகும் வழி தெரிந்தது. கமரா வாங்குகிறவர்கள் முதலில் அந்த பல்பை வாங்குங்கள்.

போனுக்கு வரும் எச்சரிக்கைகளும் ஆரம்பத்தில் பெரிய தொல்லை. ஃபான் காற்றில் வலை ஆடினால் ஒன்று, பல்லி ஓடினால் ஒன்று. கட்டிலுக்கும் கதவுக்கும் இடைப்பட்ட நிலத்தை மட்டும் கவனிக்கும்படி அமைத்த பிறகுதான் சரி வந்தது. அம்மா காலைக் கீழே வைத்தால் மட்டும் போன் அடிக்கும்.

அப்படி அடித்தும் ஒருநாள் விழுந்துவிட்டார். நான் குசினியில் இருந்தேன், ஓடிவர அரை நிமிடம்கூட எடுத்திருக்காது. கமரா விழுவதைத் தடுக்காது என்பதை அன்றைக்கு விளங்கிக்கொண்டேன். ஆனால் பதிவைப் போட்டுப் பார்த்தபோது, தலை சுற்றி விழவில்லை, கால்மிதியில் கால் தடக்கித்தான் விழுந்தார் என்று தெரிந்தது. அன்றே வீட்டிலிருந்த கால்மிதிகளை எல்லாம் எடுத்துவிட்டேன். இன்னொரு முறை, ஒரே இரவில் ஆறு தரம் எழும்பியதையும், பகலில் வழக்கத்தைவிடக் குழம்பிப் பேசியதையும் கிளினிக்கில் டொக்டருக்குக் காட்டினேன். அவர் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். கிருமித் தொற்று இருந்தது. "இரவில் கொஞ்சம் எழும்புறா" என்று வாயால் மட்டும் சொல்லியிருந்தால் அவ்வளவு கெதியாகப் பிடித்திருக்க மாட்டோம். கமராவால் எனக்குக் கிடைத்த பெரிய உதவி இதுதான்.

கமராவில் ஒலிபெருக்கியும் உண்டு. "அம்மா, படுங்க" என்று ஒரு தரம் பள்ளியிலிருந்து சொன்னேன். சுவருக்குள் இருந்து செத்துப்போன அண்ணன் கூப்பிடுகிறார் என்று அம்மா பின்னேரம் வரை வாசலில் போய் நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு அதில் நாங்கள் யாரும் பேசியதில்லை. அறளை உள்ளவர்களுக்கு முகம் தெரியாத குரல் கூடவே கூடாது.

இனி, நாங்கள் செய்த பிழைகள். தம்பியும் கமராவைப் பார்க்கிறான் என்று அந்த அக்காவிடம் சொல்லாமல் விட்டுவிட்டோம். ஒருநாள் அங்கே அவன் படுக்கப் போகும் நேரம், இங்கே காலை. "அவ போன் பார்த்துக்கொண்டே இருக்கிறா, அம்மாவுக்குத் தேத்தண்ணி கூடக் கொடுக்கேல்ல" என்று எடுத்துச் சொன்னான். நானும் கேட்டுவிட்டேன். உண்மையில் இரண்டு தரம் கொடுத்து இரண்டு தரமும் அம்மா தள்ளிவிட்டிருக்கிறார். மூன்றாவதாக ஊற்றி, ஆறட்டும் என்று குசினியில் வைத்திருந்தார். குசினி கமராவுக்குத் தெரியாது. அக்கா அழுதுகொண்டு போய் மூன்று நாள் வரவில்லை. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுத்தான் கூட்டிவந்தேன்.

மற்றது இதைவிட வலித்தது. என் மகனின் போனிலும் அந்த ஆப் இருந்தது. டியூஷனில் இருக்கும்போது எச்சரிக்கை வர, அவன் திறந்திருக்கிறான். பக்கத்தில் இருந்த பொடியனும் எட்டிப் பார்த்திருக்கிறான். அந்த நேரம் நாங்கள் அம்மாவுக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்து தலை குனிந்தபடி சொன்னான். வெளியே போவதென்றால் சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போடாமல் வாசல் தாண்டாதவர் என் அம்மா.

அன்றைக்கே கமராவைக் கட்டிலை விட்டு நிலத்தைப் பார்க்கத் திருப்பினேன். ஆப் என் போனில் மட்டும், கடவுச்சொல்லும் புதிது. கழுவும்போதும் பம்பஸ் மாற்றும்போதும் பிளக்கைக் கழற்றும் உரிமை அக்காவுக்கு, ஏன் என்று நான் கேட்பதில்லை. தம்பிக்குக் கோபம்தான். இப்போது தினமும் வீடியோ கோல் எடுக்கிறான், அம்மாவும் அவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்.

முதியோர் இல்லம் நடத்தும் ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டார். இதே கதையைத்தான் சொன்னேன். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுத் தேவைக்கான பாவனைக்குப் பொருந்தாது. நிறுவனத்துக்கு அந்த விலக்கு இல்லை. யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் பதிவு இருக்கும் என்று எழுதி வைத்து, குடும்பத்திடமும் வேலை செய்பவர்களிடமும் கேட்ட பிறகு மாட்டுங்கள் என்றேன்.

கரண்ட் போனால் கமராவும் இல்லை. 2025 பெப்ரவரி 9, நாடு முழுக்க இருளான அந்த ஞாயிறு, நான் கல்முனையில் ஒரு செத்தவீட்டில். திரை திடீரென்று நின்றதும் நெஞ்சு பதறிவிட்டது. அக்காவுக்குப் போன் எடுத்தால், அம்மா முருங்கை மரத்தடியில் கதிரையில் இருக்கிறாராம். கடற்காற்றில் வயர் முனை துருப்பிடித்து ஒரு தரம் மாற்றினோம். மெமரி கார்ட் ஒன்றரை வருடத்தில் பழுதானது.

இப்போது அம்மா எழும்புவது குறைவு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்கிறோம், நேரத்தைத் தலைமாட்டில் உள்ள கொப்பியில் எழுதுகிறோம். கமரா பள்ளி நேரத்தில் மட்டும் ஓடுகிறது. இரவில் அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு, அம்மாவின் கட்டிலடியில் பாய் போட்டுப் படுக்கிறேன்.