கருவாட்டுத் தளத்து ஈக்களும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியும்

நாகப்பட்டினம் கீச்சாங்குப்பத்தில் அம்மா கருவாடு போடுகிறார். நெத்திலி, காரப்பொடி, சீசன் வந்தால் வாளை. தளத்தில் வந்து மொய்க்கும் ஈக்கள் எல்லாம் ஒரே சாதி இல்லை என்பது பார்த்தாலே தெரியும். எது எது என்று பிரித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. அதற்காகப் போனில் இறக்கியது ஐநேச்சுரலிஸ்ட். நல்ல செயலி. கருவாடு போடுகிற, ஆடு மாடு வைத்திருக்கிற வீடுகளில் படமெடுக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால் இதை இறக்கிவைத்துக்கொள்ளச் சொல்வேன்.

காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. 2008இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் படிப்புக்காகத் தொடங்கிய வேலை, இன்று லாப நோக்கமில்லாத தனி அமைப்பாக நடக்கிறது. படத்தைப் போட்டதும் கணினி ஒரு பெயரை யோசனையாகச் சொல்லும். அப்புறம் ஈ பார்க்கத் தெரிந்த மனிதர்கள் எந்த நாட்டிலிருந்தோ வந்து சரிபார்ப்பார்கள். எனக்கு இதன் அருமையே அந்த மனிதர்கள்தான்.

“எந்த ஈயா இருந்தா என்ன தம்பி, எல்லாம் புழுதானே வைக்குது” என்று அம்மா கேட்டார். வித்தியாசம் இருக்கிறது. கருவாட்டுக்குப் பெரிய தொல்லை, பச்சையும் நீலமுமாக மினுங்குகிற கிரைசோமியா மெகாசெபாலா என்ற பச்சை ஈ. அது முட்டையைக் கொத்துக் கொத்தாக வைக்கும். பொரிய நம் வெயிலில்கூடச் சில மணி நேரம் ஆகும். மீனைப் புரட்டிப்போடும்போது கொத்து கண்ணில் பட்டால் எடுத்து எறிந்துவிடலாம். சதை ஈயிடம் அந்த அவகாசம் கிடையாது. முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்துவிடுவதால் உயிருள்ள புழுவை நேராக மீன்மேல் விடும். கொசுவலை போட்டு மூடினாலும், வலை மீனைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் வலைமேல் உட்கார்ந்தபடியே விட்டுவிடும். இது தெரிந்த பிறகு நாலு பக்கமும் கம்பு நட்டு, வலையை ஒரு முழம் தூக்கிக் கட்டி, ஓரத்தை மணலில் புதைத்து வைக்கிறோம்.

சரி, படத்தில் சதை ஈயை எப்படித் தெரிந்துகொள்வது? முதுகில் சாம்பல் நிறத்தின்மேல் நீளவாக்கில் மூன்று கறுப்புக் கோடு ஓடும். வீட்டு ஈக்கு நான்கு. கண் நல்ல சிவப்பு. வயிற்றின் மேல்புறம் சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். போனைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் வெளுத்த கட்டம் கறுக்கும், கறுத்தது வெளுக்கும். உடம்பின்மேல் இருக்கும் நுண்பொடிப் பூச்சில் வெளிச்சம் படும் கோணம் மாறுவதால் வரும் மாற்றம் அது. அதனால் ஒரே ஈயை எடுத்த படங்களை எல்லாம் ஒரே பதிவில் சேர்த்துப் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் பார்ப்பவர்கள் குழம்புவார்கள். இன்னும் கிட்டப் போனால் உணர்கொம்பில் ஒரு மயிர் தெரியும். சதை ஈக்கு அது பாதிவரை கிளைவிட்டு, நுனி மொட்டையாக இருக்கும். பச்சை ஈக்கு நுனிவரை கிளை.

படம் தெளிவாக இருந்தால் சதை ஈக்களின் குடும்பமான சார்கோபாகிடே என்று உறுதியாகச் சொல்லலாம், பலசமயம் சார்கோபாகா என்ற பேரினம் வரைகூடப் போகலாம். சிற்றினம் என்றால் கஷ்டம். இந்தக் குடும்பத்தில் உலகம் முழுக்கச் சுமார் 3000 சிற்றினங்கள் உண்டு, முதுகைப் பார்த்தால் நிறைய ஈக்கள் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். ஆண் ஈயின் பிறப்புறுப்பு வடிவத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். என் படம் ஒன்றைப் பார்த்தவர், இது ஆண்தான், ஆனால் பின்நுனி உள்ளே மடிந்திருக்கிறது, இதற்குமேல் சொல்ல முடியாது என்று எழுதிப் பேரினத்தோடு நிறுத்திக்கொண்டார். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதற்குமேல் பிரிக்க வழியில்லை என்று குறிக்கவும் செயலியில் இடம் வைத்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் ஒத்துப்போனால் பேரின அளவிலேயே அந்தப் பதிவுக்கு ‘ஆய்வுத் தரம்’, அதாவது ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்ற முத்திரை, கிடைக்கும். இதற்குமுன் நான் வைத்திருந்த வேறொரு செயலி எதைக் காட்டினாலும் ஒரு சிற்றினப் பெயரை அடித்துச் சொல்லும், மாதச் சந்தா வேறு. அதை அழித்துவிட்டேன்.

போன் கேமரா மட்டும் போதாது. கிளிப் மாட்டும் மேக்ரோ லென்ஸ் ஒன்று வேண்டும். 500 ரூபாய்க்குள் கிடைப்பதே இந்த வேலைக்குத் தாங்கும். ஈயிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்துக்குப் போனால்தான் படம் தெளியும். அவ்வளவு கிட்டே போவது உச்சிவெயிலில் நடக்காது. விடிகாலையில் உடம்பு குளிர்ந்து மதில்மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது எடுங்கள். நம் நிழல் அதன்மேல் விழக்கூடாது, விழுந்தால் பறந்துவிடும். மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பின்நுனி ஒன்று. கடற்காற்றில் லென்ஸில் உப்புப் படியும், மென்மையான துணி கையில் இருக்கட்டும்.

பக்கவாட்டுப் படத்தை விட்டுவிடாதீர்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் சம்பா போட்டிருக்கும் மாமா, வரப்பில் எடுத்த சாம்பல் ஈ ஒன்றை அனுப்பி, பயிருக்குக் கெடுதலா, மருந்து அடிக்கலாமா என்று கேட்டார். மேலிருந்து பார்த்தால் சதை ஈ என்றே சொல்லத் தோன்றும். பக்கவாட்டில் முதுகுத்தகட்டுக்கு அடியில் இன்னொரு சின்ன மேடு புடைத்திருந்தது, வயிற்றில் தடித்த முள்மயிர். டாக்கினிடு ஈ என்று பதில் வந்தது. அந்தக் குடும்பத்து ஈக்களின் புழுக்கள் கம்பளிப்புழு போன்ற பூச்சிகளை உள்ளிருந்தே தின்று கொல்பவை. அதற்காக மருந்து அடிக்க வேண்டாம் மாமா என்று சொல்லிவிட்டேன்.

குறை என்றால் காத்திருப்பதுதான். ஈ பார்க்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர், பதிவுகளோ ஏராளம். சில படத்துக்கு மறுநாளே பதில் வரும், சிலதுக்கு மாதக்கணக்கில் வராது. அவசரத்துக்கு இதை நம்பியிருக்க முடியாது. ஆட்டுப் புண்ணில் புழு கண்டால் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். இன்னொன்று, படத்தோடு இடமும் எல்லோருக்கும் தெரியும்படிதான் பதிவாகும். வீட்டு வாசலில் எடுத்ததென்றால் இடத்தை மறைத்துக் காட்டும் வசதியைத் தேர்ந்தெடுங்கள்.