பிரேக் மாற்றிய பிறகு ‘டொக்’: பேடா, புஷ்ஷா?

காருக்குப் புது பிரேக் பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இருபக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை) போட்டு வெளியே எடுத்தேன். முதல் சிக்னலில் பிரேக்கை மிதித்ததுமே முன் இடது சக்கரப் பக்கம் ‘டொக்’ என்றது. வீட்டில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும்போது இன்னொரு ‘டொக்’. மறுநாள் பட்டறைக்குப் போய்ச் சொன்னால், “புது பேடு சார், நூறு கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்” என்றார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு மெக்கானிக், “லோயர் ஆர்ம் புஷ் போயிருக்கும், ரெண்டு பக்கமும் மாத்திடுங்க” என்றார். சக்கரத்தை வண்டியோடு கீழ்ப்பக்கம் இணைக்கும் கைதான் லோயர் ஆர்ம், அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ். ஒருவர் காசே வேண்டாம் என்கிறார், இன்னொருவர் சில ஆயிரத்தை எடுத்து வைக்கச் சொல்கிறார்.

‘செட் ஆகும்’ என்ற பேச்சை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பேட் டிஸ்க்கோடு உரசிப் படியும்வரை வரும் சத்தம் ‘கிறீச்’, ‘சர்ர்’ வகை. அது ஓட ஓடக் குறையும். இரும்பு போய் இரும்பில் இடிக்கும் ‘டொக்’ ஓடினால் குறையாது, கூடத்தான் செய்யும்.

எது என்று கண்டுபிடிக்க வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் அதற்கு முன் வீல் நட்டை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். உங்கள் வண்டிக்கான அளவு மேனுவலில் இருக்கும். நட்டு தளர்ந்திருந்தால் மெதுவாகப் போகும்போதும் திருப்பத்திலும் சக்கரம் சுற்றச் சுற்ற ‘கடக் கடக்’ என்று வரும். பேடை அழுத்தும் காலிப்பரின் போல்ட்டும் அப்படித்தான். அது கழன்று விழுந்தால் காலிப்பர் எழும்பி ரிம்மின் உள்பக்கம் இடிக்கும். இந்த இரண்டில் சந்தேகம் வந்தால் ஓட்டிப் பார்க்கும் வேலையே வேண்டாம், நின்ற இடத்திலேயே சக்கரத்தைக் கழற்றுங்கள்.

அவை சரியாக இருந்தால் மிச்சம் இரண்டு பேர்தான்: பேட் ஆட்டம், ஆர்ம் புஷ். இரண்டும் பிரேக்கை மிதிக்கும்போது சத்தம் போடும், குரலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் எப்போது போடுகிறது என்பதில் இருக்கிறது.

காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் இரண்டு பக்கப் பள்ளங்களில் பேடின் காதுகள் உட்கார்ந்திருக்கும். வண்டி முன்னே போகும்போது பிரேக் பிடித்தால், சுற்றுகிற டிஸ்க் பேடை இழுத்து ஒரு பக்கம் சாத்தும். ரிவர்ஸில் பிடித்தால் மறுபக்கம். நடுவில் இருக்கும் இடைவெளியை அடைத்துப் பேடைப் பிடித்து வைப்பது மெல்லிய ஸ்டீல் கிளிப். அது இல்லை என்றால், அல்லது பேடின் பின்தகடு கொஞ்சம் குட்டையாக இருந்தால், திசை மாறிய பிறகு பிடிக்கும் முதல் பிரேக்கில் பேட் நகர்ந்து இடிக்கும். அடுத்த பிரேக்கில் சத்தம் இருக்காது, ஏனென்றால் அது ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது.

ஆர்ம் புஷ் கதை வேறு. ரப்பர் கிழிந்துபோனால் பிரேக் பிடிக்கும்போது சக்கரமே ஒரு நூல் பின்னால் தள்ளப்படும். காலை எடுத்து ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் முன்னால் வரும். திசை மாறினாலும் மாறாவிட்டாலும் அது ஒவ்வொரு முறையும் இடிக்கும். பழைய பேட் மழுங்கிப் பிடித்த காலத்தில் வெளியே தெரியாத புஷ், புதுசு கவ்விப் பிடிக்கும்போது வாயைத் திறப்பதும் உண்டு. அதனால் அந்த இரண்டாவது மெக்கானிக் சும்மா சொல்லவில்லை.

காலி மைதானத்தில் முதலில் ரிவர்ஸில் ஒரு பிரேக் பிடித்துவிட்டு, பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கியே மூன்று முறை பிரேக் பிடியுங்கள். முதல் தடவை மட்டும் ‘டொக்’ என்றால் பேட். மூன்று தடவையும் வந்தால் புஷ் பக்கம் பாருங்கள். மேடுபள்ளத்தில் ‘லொட லொட’ என்று வந்தால் பிரேக் பெடலில் காலை லேசாக வைத்தபடி அதே இடத்தில் போய்ப் பாருங்கள். நின்றுவிட்டால் பேட் அல்லது காலிப்பர். நிற்கவில்லை என்றால் லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட் என்று சஸ்பென்ஷனில் தேட வேண்டும். இந்த இரண்டாவது சோதனைக்குத் தெருமுனை வேகத்தடையே போதும்.

சத்தம் பின்னாலிருந்து வந்து, அங்கே டிரம் பிரேக்காக (சுற்றும் உருளையை உள்ளிருந்து ஷூ என்ற கட்டை அழுத்துவது) இருந்தால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. லேத்தில் டிரம்மைக் கடைந்தார்களா என்று கேளுங்கள். டூல் வேகமாக ஓடியிருந்தால் உள்சுவரில் திருகு மரை மாதிரி கோடு விழும். ஷூ அந்த மரையில் ஏறிப் பக்கவாட்டில் இழுபட்டு, பிறகு ‘டப்’ என்று பழைய இடத்துக்குத் திரும்பும். எமரித்தாளால் குறுக்கே தேய்த்துக் கோட்டை உடைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

என் வண்டியில் மைதானச் சோதனை பேட் என்று சொன்னது. ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றிக் கட்டைவிரலால் வெளிப் பேடைத் தள்ளினேன். புதுப் பல் போல அசையாமல் இருக்க வேண்டியது, பால்பல் மாதிரி ஆடியது. பள்ளத்தில் கிளிப்பே இல்லை, துரு மட்டும். பழைய பேடோடு கிளிப்பும் குப்பைக்குப் போயிருக்கிறது. விலை குறைந்த புது டப்பாவில் கிளிப் வரவில்லை. கிளிப் இல்லாமலே மாட்டியிருக்கிறார்கள்.

கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, சில நூறு ரூபாய்க்கு கிளிப் செட் வாங்கிப் போட்டேன். காலிப்பர் சறுக்கி நகரும் ஸ்லைடு பின்களையும் உருவி சிலிகான் கிரீஸ் தடவினேன். உருவும்போது மேல் பின் எது, கீழ்ப் பின் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் ஒன்றின் நுனியில் மட்டும் ரப்பர் இருக்கும், இடம் மாற்றிப் போட்டால் காலிப்பர் ஆடும் அல்லது இறுகும்.

ரிவர்ஸ் எடுத்தேன், நிறுத்தினேன், முன்னே போனேன், நிறுத்தினேன். சத்தம் இல்லை. ஆர்ம் புஷ் இன்றுவரை பழையதுதான்.