காதல் கதை எழுதுபவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகை

வாரம் மூன்று அத்தியாயம் தொடர்கதை எழுதுகிறேன், அதனால் விரல் வேகம் எனக்கு முக்கியம். முன்பு ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறைதான், ஆனால் நாயகனும் நாயகியும் சண்டை போடும் இடத்தில் வசனம் மனதில் ஓடும் வேகத்துக்கு ஸ்பெல்லிங் யோசித்துக்கொண்டிருந்தால் சூடு ஆறிவிடும். தமிழ்99-க்கு மாறியபின் அந்தத் தடையே இல்லை.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த விசை அமைப்பு. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானே விழும்! ‘கண்ணம்மா’வுக்கு க, ண, ண, ம, ம, ஆ, ஆறே தட்டு.

சிக்கலும் உண்டு. நாயகனின் ‘மமதை’ எனக்கு ‘ம்மதை’ என்றே வந்துகொண்டிருந்தது, நடுவில் அ தட்ட வேண்டும் என்று அப்புறம்தான் பிடிபட்டது. முதல் இரண்டு வாரம் எரிச்சல் வரும், அந்த நாட்களில் அத்தியாயக் கெடு வைத்துக்கொள்ளாதீர்கள், பழைய கதை ஒன்றைத் திரும்பத் தட்டிப் பழகுங்கள்.

இலவசம்தான். விண்டோஸ் 11, மேக் இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்பில் போய்ச் சேர்த்தால் போதும்.