நூலா, கைப்பிடி ஃப்ளாஸா, நீர்க்கருவியா? குழந்தைகளின் பல் இடுக்குக்கு ஓர் அலசல்

பால் பற்கள் எப்படியும் விழப்போகின்றன, அவற்றுக்கு எதற்கு ஃப்ளாஸ் (பல் இடுக்கை மெல்லிய நூலால் சுத்தம் செய்வது) என்று கேட்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். கடைசிப் பால் கடைவாய்ப் பல் விழ 10 முதல் 12 வயது வரை ஆகும். அதன் எனாமல் நிலைப்பல்லின் எனாமலைவிட மெல்லியது. இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒட்டி நிற்கும் இடத்தில் பிரஷ்ஷின் நார் நுழையாது. அங்கே தொடங்கும் சொத்தை நம் கண்ணில் படுவதற்குள் ஆழமாக இறங்கியிருக்கும். பற்கள் எப்போது ஒட்டிக்கொள்கின்றனவோ அப்போதே ஃப்ளாஸ் தொடங்க வேண்டும். பல குழந்தைகளுக்கு அது 3 வயதையொட்டி நடக்கிறது. இடைவெளி விட்டு நிற்கும் முன்பற்களுக்கு பிரஷ் போதும்.

சுருளாக வரும் நூல்தான் மூத்த முறை. சுமார் 45 சென்டிமீட்டர் எடுத்து இரு நடுவிரல்களிலும் சுற்றி, நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் விட்டுப் பிடிக்க வேண்டும். இடுக்கில் மெல்ல அசைத்து இறக்கியதும், நூலைப் பல்லைத் தழுவுமாறு வளைத்து மேலும் கீழும் தேய்க்க வேண்டும். இப்படி வளைந்து தழுவுவதில் நூலுக்கு ஈடு இல்லை. ஒவ்வோர் இடுக்குக்கும் புதிய துண்டும் கிடைக்கும். ஆனால் பெரியவரின் இரண்டு கைகளும் ஒரு சின்ன வாய்க்குள் போயாக வேண்டும். 4 வயதுக் குழந்தை வாயை மூடிக்கொண்டால் அத்துடன் கதை முடிந்தது. அவசரத்தில் நூலைச் சட்டென்று அழுத்தினால் ஈறு கிழியும். ஒருமுறை வலித்துவிட்டால் அந்தக் குழந்தையிடம் மறுபடி நம்பிக்கை பெறப் பல நாள்கள் ஆகும்.

கைப்பிடி ஃப்ளாஸில் நூல் ஏற்கெனவே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஒரு கை போதும். மறு கையால் கன்னத்தை ஒதுக்கிப் பிடிக்கலாம். வாங்கும்போது வடிவத்தைப் பாருங்கள். கவண் போல இரு கிளையாக இருப்பது கடைவாய்ப் பற்களை எளிதில் எட்டும்; பக்கவாட்டில் நூல் உள்ளது முன்பற்களைத் தாண்டிப் போகத் திணறும். நூல் விறைப்பாக இருப்பதால் இடுக்கின் முன்னால் உள்ள பல், பின்னால் உள்ள பல் என இரு பக்கமும் சாய்த்து அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒரே துண்டு எல்லா இடுக்குக்கும் போவதால் இடையிடையே அலச வேண்டும். தினமும் ஒரு பிளாஸ்டிக் துண்டு குப்பைக்குப் போவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

நீரைப் பீய்ச்சும் கருவியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். உணவுத் துணுக்குகளை நன்றாகக் கழுவும், பல்லில் கம்பி போட்ட பிள்ளைகளுக்கு மிக உதவும். ஆனால் ஒட்டி நிற்கும் இரு பற்களின் நடுவே நூல் சுரண்டி எடுப்பதுபோல அதனால் எடுக்க முடியாது. மிகச் சிறிய குழந்தைகளுக்கு ஏற்றதும் அல்ல.

கருவியைவிட முக்கியமானது அது யார் கையில் இருக்கிறது என்பது. 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு இதை எனக்குத் தெளிவாக்கியது. பள்ளி நாள்களில் பயிற்சி பெற்றவர்கள் சிறுவர்களுக்கு ஃப்ளாஸ் செய்துவிட்டபோது, 1.7 ஆண்டுகளில் இடுக்குச் சொத்தைக்கான அபாயம் 40 விழுக்காடு குறைந்தது. வளரிளம் பருவத்தினர் தாங்களே செய்துகொண்டபோது அப்படிக் குறையவில்லை. ஆகவே 8 வயது வரையிலாவது, முடிந்தால் 10 வரை, பெரியவர் கைதான் வேலையை முடிக்க வேண்டும். அந்தக் கைக்கு இரவுதோறும் சலிப்பில்லாமல் எளிதாக இருப்பது கவண் வடிவக் கைப்பிடி என்பதே என் தீர்ப்பு. குழந்தையின் தலையை மடியில் வைத்துப் படுக்கவைத்தால் மேல் வாயும் தெளிவாகத் தெரியும்.

8 வயதுக்குப் பிறகு நூலுக்கு மாறலாம். விரலில் சுற்றத் தெரியாத பிள்ளைக்கு நூலின் இரு முனைகளையும் முடிந்து வளையமாக்கிக் கொடுங்கள். வளையத்துக்குள் விரல்களை நுழைத்துப் பிடித்தால் நழுவாது. முதல் சில நாள்கள் ஈறில் லேசாக ரத்தம் கசிந்தால் நிறுத்த வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் கசிந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நேரமில்லை என்பவர்களுக்கு: 20 பால் பற்கள் இருந்தாலும், கடைவாயில் ஒட்டி நிற்கும் இடுக்குகள் பக்கத்துக்கு ஒன்றாக மேலும் கீழும் மொத்தம் 4தான். 6 வயதையொட்டி முதல் நிலைக் கடைவாய்ப் பற்கள் பின்னால் முளைத்ததும் அவை 8 ஆகும். என் மகளுக்கு முன்பற்களை அவளே செய்துகொள்ளத் தெரியும். அந்த எட்டை மட்டும் இன்னும் நான்தான் செய்துவிடுகிறேன்.