மாடியில் தேக்கு பெஞ்சு, கூடத்தில் ரப்பர் மர மேசை: 11 வருடத்துக்குப் பிறகு

திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருக்கிறோம். உப்புக் காற்றில் இரும்பு கேட்டுக்கு வருடா வருடம் பெயின்ட் அடிக்க வேண்டிய இடம். 2013 தொடக்கத்தில் மொட்டைமாடிக்கு ஒரு தேக்கு பெஞ்சும், சாப்பிடுவதற்கு ஒரு ரப்பர் மர மேசையும் வாங்கினேன். இரண்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பெஞ்சின் ஒரு கால் மட்டும் புதுசு.

வாங்கும்போது "முழுக்கத் தேக்கு சார்" என்றார்கள். பொய்யில்லை. ஆனால் தேக்கிலேயே நடுவில் இருக்கும் வைரம் வேறு, பட்டையை ஒட்டிய வெள்ளை வேறு. கரையானையும் ஈரத்தையும் தாங்குவது வைரம்தான். வெள்ளை, மட்ட மரம் மாதிரி சீக்கிரம் உளுத்துப்போகும். சாயம் ஏற்றி பாலிஷ் போட்டுவிட்டால் இரண்டும் ஒரே நிறம். நானும் உட்கார்ந்து பார்த்து, முதுகைத் தடவிப் பார்த்து, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

2016 டிசம்பரில் வர்தா புயல் ஓய்ந்த பிறகு பெஞ்சு ஆட ஆரம்பித்தது. ஆசாரியைக் கூப்பிட்டேன். வந்தவர் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, நேராகக் கவிழ்த்துப் போட்டார். பின்னங்கால் ஒன்றின் அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே போனது.

"கால் பூரா வெள்ளை சார். தண்ணி தேங்குற மூலையில வேற போட்டிருக்கீங்க."

மரம் பக்கவாட்டில் தண்ணீரை அவ்வளவாக இழுக்காது. குறுக்கே வெட்டிய முனைதான் நிறையக் குடிக்கும். காலின் அடிப்பக்கம் முழுக்க அந்த முனைதானே! மேலே மூன்று கோட்டு வார்னிஷ் அடித்த கடையில், தரையில் நிற்கிற இடத்தில் பிரஷ்ஷே படவில்லை.

புதுக் காலை வைரத்தில் போட்டார். நான்கு கால்களின் அடியிலும் தண்ணீர் புகாமல் இருக்க எபாக்ஸி பசை தடவி, கீழே கடப்பா கல் துண்டு வைத்தோம். துருப்பிடித்த இரும்புத் திருகாணிகள் மரத்தில் கறுப்புக் கறையாக இறங்கியிருந்தன. அவற்றையும் எடுத்துவிட்டு, உப்புக் காற்றைத் தாங்கும் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிகள் போட்டோம். கடலோரத்தில் வழக்கமான 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடக் கறை விடுகிறது.

வார்னிஷை அப்போதே சுரண்டி எடுத்துவிட்டேன். வெயிலில் அது வெடித்து உரிகிறது, வெடிப்பு வழியாக இறங்கிய மழைத் தண்ணீர் அடியிலேயே தங்கிவிடுகிறது. பிறகு இரண்டு வருடம் ஆளிவிதை எண்ணெய் பூசிப் பார்த்தேன். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அதில் கரும்பூசணம் பிடித்ததுதான் மிச்சம். (எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.) இப்போது எதுவுமே பூசுவதில்லை. மழைக்காலம் முடிந்ததும் சோப்புத் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், அவ்வளவுதான். பெஞ்சு வெள்ளி நரை நிறத்துக்கு மாறிவிட்டது. "பழசாகிப்போச்சே" என்று அம்மா குறைப்படுவார். எனக்கு இந்த நிறம்தான் பிடித்திருக்கிறது.

மேசைக்கு இவ்வளவு பாடு இல்லை. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், வண்டு துளைக்கும் என்பதால் போரான் மருந்து ஏற்றியதா என்று கேட்டுத்தான் வாங்கினேன். இதுவரை மாவு கொட்டவில்லை. ஆனால் இந்த மரத்தை மழை படுகிற இடத்தில் போடவே கூடாது. ஒருமுறை கொதிக்கக் கொதிக்க ரசப் பாத்திரத்தை நேராக வைத்து வெள்ளை வளையம் விழுந்தது. பாலிஷுக்குள் போன ஈரம்தான் அது. பருத்தித் துணியை நாலாக மடித்துப் போட்டு, மிதமான சூட்டில் அயர்ன் பெட்டியைச் சில விநாடிகள் வைத்து எடுத்தேன். முக்கால்வாசி போய்விட்டது.

நான் செய்த முட்டாள்தனம் வேறு. ஐப்பசி மழையில் மேசை இழுப்பறை இறுகிக்கொண்டது என்று ஆளைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லிவிட்டேன். ஈரக் காற்றில் உப்பிய மரம் வெயில் வந்தால் தானாகச் சுருங்கும் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது ஒவ்வொரு சித்திரையிலும் அந்த இடுக்கு வழியாகப் பல்லி குடியேறிவிடுகிறது.

போன மாதம் தங்கைக்குச் சாய்வு நாற்காலி பார்க்கப் போனோம். நான் அதைத் தூக்கிக் கவிழ்த்ததும் கடைக்காரர் முகம் மாறியது. பின்னங்கால் இரண்டும் பாதி வெள்ளை. 2,000 ரூபாய் குறைத்துக்கொண்டார். கூடத்தில்தானே போடப்போகிறாள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.