'ஃபைனல் கட்' என்று சொல்லி விற்கப்பட்ட 1982ஆம் ஆண்டு 'பிளேட் ரன்னர்'

சென்னையில் ஒரு சிற்றரங்கை வாடகைக்கு எடுத்துப் பழைய படங்களைத் திரையிடும் குழு ஒன்று, ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' படத்தை "டைரக்டர்ஸ் ஃபைனல் கட், 4கே" என்று விளம்பரம் செய்து, ஆளுக்கு 450 ரூபாய் பெற்றுக்கொண்டு, சென்ற மாதம் எங்களுக்குக் காட்டியது 1982இல் திரைக்கு வந்த முதல் வடிவத்தைத்தான். புகார் நிலுவையில் இருப்பதால் குழுவின் பெயரை எழுதவில்லை.

இந்தப் படத்தின் வரலாறு அறியாதவர்களுக்கு என் கோபம் மிகையாகத் தோன்றலாம். டென்வரிலும் டல்லாஸிலும் நடந்த முன்னோட்டக் காட்சிகளில் பார்வையாளர்கள் குழம்பிப்போனதால், தயாரிப்புத் தரப்பு ஹாரிசன் ஃபோர்டின் குரலில் கதையை விளக்கும் பின்னணிப் பேச்சைச் சேர்த்து, நாயகனும் நாயகியும் பச்சை மலைகளினூடே காரில் செல்லும் சுபமான முடிவொன்றையும் ஒட்டவைத்தது. அந்த மலைக்காட்சிகள், ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்காக எடுத்து மிஞ்சிய சுருள்களிலிருந்து வந்தவை. 1992இல் 'டைரக்டர்ஸ் கட்' வெளியானபோது பின்னணிப் பேச்சும் மலைப் பயணமும் நீக்கப்பட்டு, தப்பி வந்த செயற்கை மனிதர்களை வேட்டையாடும் நாயகன் டெக்கர்ட் காணும் ஒற்றைக்கொம்புக் குதிரைக் கனவு சேர்க்கப்பட்டது. ஆனால் அதுவும் ஸ்காட் அனுப்பிய குறிப்புகளைக் கொண்டு பிறர் தொகுத்ததே. அவர் முழு உரிமையோடு செய்து முடித்தது 2007இல் வந்த 'ஃபைனல் கட்' மட்டும்தான். எனவே பெயர்ப்பலகையில் எந்தச் சொல் இருக்கிறது என்பது இந்தப் படத்தைப் பொறுத்தவரை சிறிய விஷயமன்று.

முதல் வடிவத்தின் மீது எனக்குப் பகை ஒன்றும் இல்லை. தேய்ந்துபோன வீடியோ கேசட்டில் நான் இப்படத்தின் மீது பித்தானதே அந்தச் சலிப்பு தோய்ந்த பின்னணிக் குரலோடுதான். ஃபைனல் கட்டைப் பெரிய திரையில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது பல ஆண்டு ஆசை என்பதால், கல்லூரியில் படிக்கும் அக்கா மகனையும் அழைத்துச் சென்றேன். ஒற்றைக்கொம்புக் குதிரையைக் கவனி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

மழையில் நாளிதழைப் பிரித்தபடி டெக்கர்ட் காத்திருக்கும் காட்சியிலேயே பின்னணிக் குரல் ஒலித்தது. அந்தக் கணமே எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். படத்தின் கணினிக் கோப்பை மாற்றிப் போட்டுவிட்டார்கள் போலும், தாமாகவே சரிசெய்வார்கள் என்று எண்ணி, பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமே என்ற கூச்சத்தில் இடைவேளை வரை உட்கார்ந்திருந்தேன். அதற்குள் டெக்கர்ட் பியானோ முன் அமரும் காட்சி கனவில்லாமலே கடந்துவிட்டது. கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடும் செயற்கைப் பெண் ஜோராவின் முகத்தில், நடிகைக்குப் பதிலாக ஓடிய சண்டைக் கலைஞரின் சாயல் அப்பட்டமாகத் தெரிந்தது. 2007இல் நடிகை ஜோவன்னா காசிடியையே மீண்டும் அழைத்துப் படமெடுத்துத் திருத்திய இடம் அது.

இடைவேளையில் பொறுப்பாளரிடம் கேட்டபோது, "சார், ஃபைனல் கட்டும் 117 நிமிஷம், இதுவும் 117 நிமிஷம். நீங்கதான் குழப்பிக்கிறீங்க" என்றார். இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளம் என்பது உண்மைதான்; ஆகவே இந்தப் படத்துக்கு ஓடும் நேரத்தைச் சான்றாகக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். குரலைச் சுட்டிக்காட்டியதும் அவர் பேச்சை மாற்றி, பாதிப் படத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கேட்பது நியாயமில்லை என்றார். என் கூச்சத்துக்குக் கிடைத்த பரிசு அது. இறுதியில் அடுத்த காட்சிக்குப் பாதி விலைச் சலுகை தருவதாகச் சொன்னார், மறுத்துவிட்டேன்.

கிளைமாக்ஸில், செயற்கை மனிதர்களின் தலைவன் ராயின் கையிலிருந்து பறக்கும் புறா, அடைமழை இரவிலிருந்து நேராகத் தெளிந்த நீல வானத்துக்குள் போனது. பிறகு டெக்கர்ட் தரையில் கிடந்த ஒற்றைக்கொம்புக் குதிரைக் காகித உருவத்தை எடுத்துப் பார்த்தார். காட்சி முடிந்து வெளியே வந்ததும் அக்கா மகன், "மாமா, குதிரை குதிரைன்னீங்களே, அந்தக் காகிதப் பொம்மைதானா?" என்று கேட்டான். கனவைப் பார்த்தவர்களுக்கு, டெக்கர்டின் மனத்துக்குள் இருப்பது, அதை மடித்து வைத்த காவலர் காஃபுக்கு எப்படித் தெரிந்தது, அப்படியானால் டெக்கர்ட் மனிதன்தானா என்ற திகிலை எழுப்பும் பொம்மை அது. கனவைப் பார்க்காத அவனுக்கு அது வெறும் மடித்த காகிதம். வண்டி நிறுத்துமிடத்தில் நின்று அதை நான் வாயால் விளக்கியதுபோல் அசட்டுத்தனம் வேறில்லை.

வீடு திரும்பி முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தால், "ஃபைனல் கட்" என்றிருந்த இடத்தில் "கிளாசிக் வடிவம்" என்று மாற்றியிருந்தார்கள். நல்லவேளையாகச் சீட்டு வாங்கிய அன்றே அப்பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அக்கா மகனுக்கு அனுப்பியிருந்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பதிந்த புகாரோடு அதையும் இணைத்திருக்கிறேன். நீங்களும் இத்தகைய திரையிடலுக்குச் சீட்டு வாங்கும்போது பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டின் வடிவம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பின்னணிக் குரல் கேட்டவுடன் கூச்சப்படாமல் எழுந்துவிடுங்கள்.

அதே குழு அடுத்த மாதம் வேறொரு படத்தின் 'டைரக்டர்ஸ் கட்' என்று அறிவித்திருக்கிறது. எந்த ஆண்டில் வெளியான வடிவம் என்று கேட்டு எழுதினேன். பதினோரு நாளாகிறது, இதுவரை பதில் இல்லை.